வாக்கி-டாக்கியில் போன பன்றிகள்

ரோக்கா,
16 நவம்பர் 1987

அன்புள்ள என்று எழுதக் கை வராத தங்கை எர்சீலியாவுக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உனக்குத் தெரிந்திருக்கும். உன் புருஷன் ஊர் கால்வேனா முழுக்கத்தான் தெரிந்திருக்கிறதே. வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் ஞாயிறு, முள்வேலியைத் தாண்டும்போது என் கால்சட்டை பின்பக்கம் இடுப்பிலிருந்து முட்டி வரை கிழிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது ஆள், முப்பது துப்பாக்கிக்குத் தலைவன், ஒரு புதருக்குள் குந்திக்கொண்டு வாக்கி-டாக்கியில் உன் அண்ணி நோர்மாவைக் கூப்பிட்டேன். சமையலறையில் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறாளே, அதில்.

“நோர்மா! கால்சட்டை போச்சுடி! அந்தப் பழசக் குடுத்தனுப்பு, சிவப்பு ஒட்டுப் போட்டது!”

“எங்க ஒட்டுப் போட்டது?”

“பின்னாடி! பின்னாடி!”

அன்று சாயங்காலம் ஓடைப் பாலத்தின் கால்வேனா பக்கத்துக் கம்பத்தில் ஒரு கால்சட்டை பறந்தது. பின்னால் சிவப்பு ஒட்டு. காற்று நிரம்பி, என் உடம்பைவிட வாட்டசாட்டமாக நின்றது.

சிரித்துவிட்டாயா? சிரி. நான் இப்போது சொல்லப் போவதற்குச் சிரிக்க முடியாது.

அதே ஞாயிறு ஐந்து பன்றி போயிற்று. நம் நாய்கள் விரட்டியவை. மலையிலிருந்து இறங்கும் பன்றி ஓடையைத் தாண்டிவிட்டால் அது கால்வேனாக்காரனுடையது, சட்டம் அப்படி. ஒன்றிரண்டு போவது வழக்கம்தான். ஆனால் இந்த வருஷம் கால்வேனாக் குழுத் தலைவன் வாஸ்கோவும் அவன் ஆட்களும், நான் வாக்கி-டாக்கியில் எந்த இடத்தைச் சொல்கிறேனோ, அதற்கு நேர் எதிர்க்கரையில், முட்டி போட்டு, தயாராக நிற்கிறார்கள். “செஸ்நட் தோப்புப் பள்ளம்” என்று நான் வாய் மூடுவதற்குள் அங்கே நாலு தொப்பி தெரிகிறது. சேனலை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். தொப்பிகள் மாறவில்லை.

சேனல் எண்ணை நான் வாயால்கூடச் சொல்வதில்லை, மேஜைக்கடியில் விரல் காட்டுவேன். அந்த மேஜையில் உட்காருகிறவர்களில் கால்வேனாவில் பிறந்தவன் ஒருவன்தான். அவனுக்கு நீ மோதிரம் போட்டாய். நான் ஏழாம் எண் இடம் கொடுத்தேன், அப்பா நின்ற ஓக் மரத்தடி.

ஆகவே எட்டாம் தேதி, வேட்டை நடுவில், எல்லோரும் கேட்கச் சொன்னேன்: “ஏழாம் இடத்துல நிக்கிற நேதோ ஒரு துரோகி. துப்பாக்கிய இறக்கிட்டு வீட்டுக்குப் போ.” அவன் வாக்கி-டாக்கியை மரத்து வேரில் வைத்துவிட்டு நடந்தான். குற்றமுள்ளவன்தான் அப்படி நடப்பான்.

குறி தவறியவன் வீட்டுக் கதவில் வாணலி மாட்டுவது நம் குழுவின் வழக்கம். துரோகிக்கு அதைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். என் கையாலேயே மாட்டினேன். நீங்கள் கட்டில், பீரோ, கோழி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனீர்கள். போனது போகட்டும். வாணலியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அது குழுவின் சொத்து.

தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்துவிடுகிறாய். எதிரெதிர் மேட்டில் இருந்துகொண்டு, நாலு நாள் ஊர் சுற்றி வரும் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது.

வாணலியை அனுப்பு.

அல்வாரோ


கால்வேனா,
23 நவம்பர்

அண்ணா,

வாணலி வராது.

நல்ல கனமான வாணலி. இத்தனை வருஷம் கதவு கதவாகத் தொங்கி வீணாகிக்கொண்டிருந்தது. தேய்த்து, எண்ணெய் பூசி, அடுப்பில் வைத்துவிட்டேன். நேற்று வாஸ்கோவின் ஆட்கள் ஒரு தொடைக்கறி கொடுத்தனுப்பினார்கள். உன் நாய்கள் விரட்டிய பன்றி. ஆலிவும் பூண்டும் போட்டு உன் வாணலியிலேயே வதக்கினேன். உன் கோபம் நன்றாகவே வேகிறது.

நேதோ துரோகம் செய்யவில்லை. அவர் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவர்தான் எதுவுமே சொல்வதில்லையே. வாஸ்கோ எங்கள் வீட்டுக்கே வந்து, “எங்களோட வா, மரியாதையா ஒரு எடம் தர்றேன்”னு கூப்பிட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டார். ஞாயிறு காலையில் துப்பாக்கியை எடுக்கிறார், துடைக்கிறார், திரும்ப மாட்டுகிறார். அப்புறம் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். அந்த முதுகை நான் பார்க்கிறேன். உனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். நேற்றுக் காலை தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உன் சேனல் எப்படிப் போகிறது, பன்றி எப்படிப் போகிறது, எல்லாம். கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. உட்கார்ந்து சிரித்தேன். பிறகு உன்னை நினைத்து எழுந்து அழுதேன். பிறகு மறுபடி சிரித்தேன்.

உனக்குச் சொல்லலாம். ஒரு வரி போதும். சொல்ல மாட்டேன்.

முப்பது பேர் கேட்க அவர் பெயரைக் கெடுத்தாய். அதே மாதிரி, அதே வாக்கி-டாக்கியில், அதே வாயால் அதைத் திரும்ப எடுத்துக்கொள். அதுவரை நீ விரட்டு. நாங்கள் சாப்பிடுகிறோம்.

எர்சீலியா


ரோக்கா,
5 டிசம்பர், சனிக்கிழமை

சிரித்துக்கொண்டிருக்கும் தங்கைக்கு,

நீ நடுவில் இதைப் படித்து யாருக்கும் சொல்லிவிட முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இன்று பெட்டியில் போட்டால் புதன்கிழமை உன் கையில் இருக்கும். அதற்குள் ஞாயிறு முடிந்திருக்கும், உன் வாஸ்கோ எட்டு மைல் நடந்து கால் வீங்கி உட்கார்ந்திருப்பான்.

திட்டம் என்னுடையது. நோர்மா இதைக் கேட்டுவிட்டு, “இந்த மூளைய வச்சு ஒரு கோழிக்கூடு கட்டியிருக்கலாம்”கிறாள். பொறாமை.

நாளை காலை பூசை முடிந்ததும் நான் வாக்கி-டாக்கியை எடுத்து, தேன் தடவிய குரலில், ரகசியம் பேசுகிறவன் மாதிரி மெதுவாகச் சொல்வேன்: “பசங்களா, இன்னிக்கு எல்லாம் பழைய மாவு மில் பக்கம். பெரிய கூட்டம் அங்கதான் எறங்குது.” ஒட்டுக்கேட்கிற கழுதைகள் மில்லுக்கு ஓடும். நாங்கள் செஸ்நட் தோப்பிலிருந்து விரட்டுவோம்.

பிறகு எப்படிப் பேசிக்கொள்வது? அதற்கும் வழி செய்திருக்கிறேன். எல்லாம் சாப்பாட்டுப் பெயர். ஓடை என்றால் பருப்பு சூப். தோப்பு என்றால் சோளக்களி. குட்டிகளோடு வருகிற தாய்ப்பன்றி என்றால் மாமியார். “மாமியார் சூப்பைக் குடிக்கப் போறா” என்று நான் சொன்னால் உலகத்தில் எந்த உளவாளிக்குப் புரியும்?

மதுக்கடையில் முப்பது பேரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். மூன்று முறை ஒப்பிக்க வைத்தேன்.

உன் புருஷனிடம் சொல்: இனி ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வெறும் முட்டைதான் என்று.

அல்வாரோ

பின்குறிப்பு: வாக்கி-டாக்கியில் பேசுவது சுலபமென்று நினைக்காதே. நடுவில் மலை இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தால்தான் அலை ஏறும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நோர்மா இரக்கமே இல்லாமல் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள்.


கால்வேனா,
10 டிசம்பர்

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் பன்றிகள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டன. ஏழு.

மில் பக்கம் யாரும் போகவில்லை. மில் பற்றி இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. உன் தேன் குரல் எந்தக் காதிலும் விழவில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் விழுந்தது பார், அதை ஊரே மனப்பாடமாகச் சொல்கிறது. வாஸ்கோ மதுக்கடையில் மேஜை மேல் ஏறி நின்று உன்னை மாதிரியே நடித்துக் காட்டினாராம்:

“சூப் கொதிக்குது! மாமியார் சூப்புக்குப் போறா!... என்னடா? ... எந்த மாமியாரா? மடையா, மாமியார்னா தாய்ப்பன்னிடா! சூப்னா ஓடை! ஓடை! ஓடைடா! பெரிய பாறைக்குக் கீழ!”

பெரிய பாறைக்குக் கீழேதான் சுட்டார்கள். இனி சனிக்கிழமை பாடம் நடத்துவதை விட்டுவிடு, அண்ணா. உன் ரகசிய மொழியை நீயே மொழிபெயர்க்கிறாய்.

வாணலியில் கல்லீரல் வறுத்தேன். தெருவுக்கே மணத்தது. நேதோ மட்டும் தொடவில்லை. “பசிக்கல”ன்னார். “என் அண்ணன் மேல இருக்கிற கோவத்துல சாப்பிடுங்களேன்”னேன். அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? “அவன் தொண்டை கட்டியிருக்கு எர்சீலியா. யாராவது தேன் குடுத்தாங்களோ என்னமோ.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்படிப்பட்ட ஆளுக்காக யாராவது ஒருத்தர் பழி வாங்கித்தானே ஆக வேண்டும்? அவருக்குப் பழி வாங்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எர்சீலியா


ரோக்கா,
22 டிசம்பர்

எர்சீலியா,

சுருக்கமாக எழுதுகிறேன். வேடிக்கை காட்டும் நிலையில் இல்லை.

நேற்றுக் கூட்டம் போட்டார்கள். புது வருஷத்துப் பெருவிருந்துக்குக் குழுவிடம் ஒரு பன்றிகூட இல்லை. நம் ரோக்காவில் கோழி வாங்குகிறார்கள். கோழி! “தலைவரே, ரெண்டு மாசமா நாம நாய வச்சு கால்வேனாக்காரனுக்குச் சமையல் பண்ணிக்கிட்டிருக்கோம்”னு ஒருத்தன் சொல்கிறான். எல்லோரும் காலைப் பார்க்கிறார்கள். நேதோ போன பிறகும் பன்றி போகிறதென்றால் துரோகி யார் என்று ஒருத்தன் கேட்டான். துருப்பிடித்த ஒரு பொரிசட்டியை எங்கிருந்தோ கொண்டு வந்து என் கதவில் மாட்டியிருக்கிறார்கள். கவிழ்த்துத்தான்.

நோர்மா அதைக் கழற்றவில்லை. “அழகா இருக்கு”ங்கறா.

உனக்குத் தெரிந்ததைச் சொல். நீ கேட்டபடி வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எப்படிச் சொல்ல வேண்டும், எழுது.

அல்வாரோ


கால்வேனா,
29 டிசம்பர்

அண்ணா,

முதலில் நீ சொல். பிறகு நான் சொல்கிறேன். உன்னை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாய்.

நாள்: அந்தோனியார் திருநாள், ஜனவரி பதினேழு, ஞாயிறு. கோயில் வாசலில் கழுதைக்கும் நாய்க்கும் தீர்த்தம் தெளித்து முடிந்து, எல்லோரும் சாப்பிட உட்காருகிற நேரம்.

இடம்: சிலுவைப் பாறை. உச்சியில். தனியாக ஏறு. சாட்சிக்கு ஆள் கூட்டிப் போய் அவனைப் பேச விட்டுவிட்டு நீ இருமுகிற வேலை வேண்டாம்.

வாக்கி-டாக்கியை வாய்க்கு நேராகப் பிடி. பொத்தானை அழுத்து. சொல்லி முடிக்கிற வரை விரலை எடுக்காதே. வழக்கமாக வேட்டையில் பேசுகிற மாதிரியே பேசு. முணுமுணுத்தால் செல்லாது.

சொல்ல வேண்டியது: “நேதோ துரோகி இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஏழாம் எடம் அவனோடது. அவன் வர்ற வரைக்கும் அங்க யாரும் நிக்க மாட்டாங்க.” ஒரு வார்த்தை குறையக் கூடாது. இதெல்லாம் நடந்ததென்று அந்தோனியார் மேல் ஆணையாக எனக்கு எழுத வேண்டும்.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இதில் இரக்கம் எதுவும் இல்லை.

எர்சீலியா


ரோக்கா,
18 ஜனவரி 1988

என் அருமைத் தங்கைக்கு,

இதோ, மனசார “அருமை” என்று எழுதுகிறேன். ஏனென்றால் இன்று நான் சந்தோஷமான மனிதன்.

அந்தோனியார் மேல் ஆணை, அவர் சிலையின் காலடியில் நிற்கும் பன்றியின் மேலும் ஆணை: நேற்று, திருநாளன்று, சிலுவைப் பாறை உச்சிக்குத் தனியாக ஏறினேன். மூச்சு வாங்கி, இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஒரு இடத்தில் தவழ்ந்து. வாக்கி-டாக்கியை வாய்க்கு நேராகப் பிடித்தேன். பொத்தானை அழுத்தினேன். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, நீ எழுதிய வார்த்தைகளை ஒன்று குறையாமல், வேட்டையில் பேசுவது போலவே சொன்னேன். விரலை எடுக்கவில்லை. “நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்ற இடத்தில் கொஞ்சம் குரல் உடைந்தது. அது நடிப்புக்காகச் சேர்த்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

உன் நிபந்தனை அத்தனையும் நிறைவேறிற்று. நீ கேட்க மறந்தது ஒன்றுதான், எர்சீலியா.

பேட்டரி என் சட்டைப் பையில் இருந்தது.

எழுதி எழுதிப் பார்த்தாய், நாள், நேரம், விரல், வாய். பேட்டரி பற்றி ஒரு வரி இல்லை! இரண்டு மாசம் என்னை வறுத்தாயே, உன் வாணலியில். நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தான். சொன்னேன், ஆனால் யாரும் கேட்கவில்லை. ஆணையும் பொய்யில்லை, மானமும் போகவில்லை.

இனி உன் முறை. அந்த ஒரு வரியைச் சொல். சேனல் எப்படிப் போகிறது?

ஒன்று மட்டும் விநோதம். கீழே இறங்கி வந்தபோது நம் ஆட்கள் சதுக்கத்தில் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் தோளில் தட்டினார்கள். வீட்டில் நோர்மா கதவிலிருந்த பொரிசட்டியைக் கழற்றியிருந்தாள், என் சூப்பில் கேட்காமலே கூடுதலாகச் சீஸ் துருவிப் போட்டாள். திருநாள் குணம் போலிருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பெண் ஒரு நாள் மாறக் கூடாதா என்ன.

வெற்றியோடு,
அல்வாரோ


கால்வேனா,
22 ஜனவரி

அண்ணா,

இன்று வந்த உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். நேதோ கேட்டார். பேட்டரி என்ற இடம் வந்ததும் என் கையிலிருந்து வாங்கி, அவரே இன்னொரு முறை படித்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். களி கிளறித் தட்டில் கொட்டியிருந்தேன். இவர் வழக்கம் போல ஜன்னலுக்கு முதுகு. “நேதோ துரோகி இல்ல” என்று முதல் வார்த்தை வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏழாம் எடம் அவனோடது” என்றபோது எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. உன் குரல் உடைந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். நீ முடித்ததும் வாஸ்கோ மதுக்கடை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கைதட்டினார்கள், அண்ணா. உனக்குத்தான். உனக்கு அது கேட்டிருக்காது, துப்பாக்கிச் சத்தம் உன் காதைத் தின்று பல வருஷமாயிற்று.

இவர் இரண்டு தட்டுக் களி சாப்பிட்டார். நாளை மறுநாள் ஓக் மரத்தடிக்கு வருவார். அந்தத் தூரத்து மரத்தை இவர் ஏன் உன்னிடம் கேட்டு வாங்கினார் என்பது இப்போதாவது உனக்குப் புரிகிறதா? உன்னிடமிருந்து ரொம்பத் தூரம் அது ஒன்றுதான்.

நவம்பரில் பாத்திரம் கழுவும்போது, “பள்ளத்துக்கு வருதுடா!” என்று உன் குரல் என் தொட்டிக்குள் வந்து விழுந்தது. பள்ளத்தாக்கின் பாறைச் சுவரில் பட்டு நேராக இங்கேதான் வருகிறது. அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ இழந்த ஒவ்வொரு பன்றிக்கும் நான்தான் பொறுப்பு. எனக்குத் தூக்கம் கெடவில்லை.

வாணலியையும் இந்தக் கடிதத்தையும் இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கதவில் மாட்டிக்கொள், நேராகவே. குறி தவறியது நீதான்.

சேனலைக் கேட்டாய். நீ எந்தச் சேனலில் வேண்டுமானாலும் பேசு. கால்வேனாக் குழுவிடம் இருந்த ஒரே வாக்கி-டாக்கியைப் போன வேட்டைப் பருவத்தில் ஒரு பன்றி மிதித்துவிட்டது. புதிதாக ஏன் வாங்கவில்லை என்று வாஸ்கோவைக் கேட்டேன்.

“எதுக்கு? அதான் அல்வாரோ இருக்காரே”ன்னார்.

எர்சீலியா